சரித்திரக் கிராணியும் சும்மா இருந்த நாளும்

உலக சரித்திரம் முழுவதையும் ஒரு குளியலறைக்குள் அடைத்து வைத்திருந்தவர் எங்கள் சரித்திரக் கிராணி ஒருவர்தான். மலாயாவில் குமாஸ்தாவுக்குக் கிராணி என்று பேர். நான் சொல்வது முப்பதுகளில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வேயில் வேலை பார்த்த கல்யாணமாகாத ஆண்கள் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்து மெஸ் நடத்தி வந்தோம். ஆட்கள் அதிகம், குளியலறை ஒன்று. விடிவதற்கு முன்பே கிராணி அதற்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவார்.

பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

"இன்னிக்கு என்ன நாள்? சரித்திரத்துல இதே தேதியில என்ன நடந்துச்சு?"

சரியான பதில் வந்தால் உடனே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுவார். தப்பாகச் சொன்னால் விளக்கம் ஆரம்பமாகும். யார் படையெடுத்தான், யார் ஓடினான், எந்தக் குதிரை எந்தச் சேற்றில் சிக்கியது என்று தண்ணீரை மொண்டு ஊற்றியபடியே சொல்லிக்கொண்டு போவார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுச் சென்ற ஆங்கிலப் பஞ்சாங்கம் அவரிடம் இருந்தது. அதில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியை ஒரு முழுக் குளியலுக்கு இழுப்பது அவருக்குக் கைவந்த கலை. வாட்டர்லூ சண்டையால் வேலைக்குத் தாமதமாகிவிட்டது என்று நான் எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது?

எங்களில் பிழைக்கத் தெரிந்தவன் ஆரோக்கியம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கதவருகே குந்தியிருப்பான். கேள்வி முடிவதற்குள் கத்துவான்.

"எவனோ ஒரு ராஜா செத்துட்டான்ண்ணே! கதவைத் தெற!"

"எந்த ராஜா?"

"எவனா இருந்தா என்ன? செத்தவன் திரும்பியா வரப்போறான்? எனக்கு ரயிலு போயிரும்லா!"

ராஜாக்களும் ஏகப்பட்ட பேர் செத்துத் தொலைத்திருந்ததால் பாதி நாட்கள் அவன் சொன்னது பலித்துவிடும். எங்கள் மெஸ்ஸில் தினமும் நேரத்தோடு வேலைக்குப் போனவன் அவன் மட்டுமே.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் என் கல்யாணப் பேச்சுக்குப் பெரியவராக அழைத்துப் போக நேர்ந்தது. என் சொந்தபந்தமெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம். கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தவர் தம் பெண்ணை எனக்குத் தரச் சம்மதித்திருந்தார். நானும் அவளைக் கடைவாசலில் தூரத்திலிருந்து பார்த்து மனதைப் பறிகொடுத்திருந்தேன். நாள் குறிப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளை தரப்பில் பேசுவதற்கு நரைத்த மீசையும் கோட்டும் உள்ள ஒருவர் வேண்டும். மெஸ்ஸில் அந்த இரண்டும் ஒன்றாக இருந்தது கிராணியிடம்தான்.

போகும் வழியில் அவரிடம் சத்தியமே வாங்கிக்கொண்டேன்.

"அண்ணே, அங்க போய் யாரையும் கேள்வி கேக்கக் கூடாது."

"சரிப்பா. ஒரு கேள்விகூடக் கேக்கல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்லக் கூடாது என்று நான் சொல்லியிருக்கவில்லையே!

பெண்ணின் அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். "ஆவணியில மொத முகூர்த்தம் ஆகஸ்டு இருவத்தேழு. கிராணி ஐயா என்ன சொல்றீங்க?"

"அன்னிக்கா?" கிராணியின் முகம் மலர்ந்தது. "சுமத்ராவுக்குப் பக்கத்துல எரிமலை வெடிச்சிச்சே, அந்த நாளாச்சே முதலாளி! கடல் பொங்கி வந்து ஊர் ஊரா அடிச்சிட்டுப் போயிருச்சு."

"ஐயையோ! அந்தச் சத்தம் பினாங்கு வரைக்கும் கேட்டுச்சுன்னு எங்கப்பா சொல்வாரே!" அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேணாம், வேணாம். செப்டம்பர் ரெண்டு?"

"லண்டன்ல தீப்பிடிச்ச நாள். கோயிலு, கடை, வீடு எல்லாம் சாம்பல்."

நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டாரே தவிர நாக்கை நகர்த்தவில்லை. கடைக்காரர் பஞ்சாங்கத்தை இன்னும் கண்ணருகே கொண்டு போனார்.

"பாக்கி இருக்கறது ஒண்ணே ஒண்ணு. செப்டம்பர் பதினாலு. அதை விட்டா புரட்டாசி பொறந்துரும். இதுவும் ஆகாதுன்னா, உங்களுக்கும் எங்களுக்கும் பிராப்தம் இல்லேன்னு வெச்சுக்கலாம் ஐயா. காப்பார்லேருந்து ஒரு எடம் வந்து காத்துக்கிட்டிருக்கு. சொல்லுங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் அவளும் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கிராணியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. அவருக்குத் தெரியாத தேதி என்று ஒன்று இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

"ஒண்ணும் நடக்கல, முதலாளி."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே. உலகமே சும்மா இருந்த நாள்."

உடனே தட்டு மாற்றினோம்.

திரும்பி வரும் ரயிலில் நான் மிதந்துகொண்டிருந்தேன். அவரோ சுரம் கண்டவர்போல் மூலையில் சுருண்டு கிடந்தார். பாடாங் ஜாவா தாண்டியபோது, "எப்படிண்ணே அந்த ஒரு நாள் மட்டும் சும்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சும்மாவா இருந்துச்சு? மாஸ்கோ பட்டணம் பத்தி எரிய ஆரம்பிச்ச நாளுடா தம்பி!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பெரிய பட்டணம்! ஒண்ணும் நடக்கலேன்னு என் வாயால சொல்லிட்டேனே!"

கோலாலம்பூர் வந்து சேரும் வரை மாஸ்கோவுக்காகத் துக்கம் காத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

கல்யாணத்தன்று ஓமம் வளர்த்த இடத்தில் அவர் ஒரு குடம் தண்ணீரோடு வந்து உட்கார்ந்தார். தாலி ஏறும் வரை தீயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று பெண் வீட்டார் மரியாதையாக அவருக்கு இன்னொரு குடமும் கொண்டுவந்து வைத்தார்கள்.

நான் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன பிறகு, மெஸ் சேதியெல்லாம் ஆரோக்கியம்தான் கொண்டுவருவான். மறு வருஷம் செப்டம்பர் பதினாலாம் தேதி அவன் வழக்கம்போல ஒரு ராஜாவைக் கொல்லத் தயாராகக் கதவருகே குந்தியிருந்தானாம். உள்ளே சத்தமே இல்லை. சற்று நேரத்தில் கிராணி தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாராம்.

"என்னண்ணே, இன்னிக்குக் கேள்வி இல்லியா?"

"இன்னிக்கு ஒண்ணும் நடக்கலப்பா. போய்க் குளி."

அந்த மெஸ்ஸில் இருந்த வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அவர் இதையேதான் சொன்னார். சரித்திரத்தில் ஒரு வரி விட்டுப்போனாலும் பொறுக்காத மனிதர், என் வீட்டு அடுப்பு எரிவதற்காக ஒரு பட்டணம் எரிந்ததையே மறைத்துவிட்டார். என் மனைவிக்கு மாஸ்கோ விஷயம் இன்றுவரை தெரியாது. அந்த நாளில் அவள் பாயசம் வைத்தால், முதல் கிண்ணத்தை வாங்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.