பேட்டரி வண்டியின் பன்னிரண்டாம் இருக்கை

வாழி மூத்தவள். தன் குடியில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவளும், ஞாயிற்றுக்கிழமையிலும் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தினின்று கழற்ற மறந்தவளும், ஐந்தடி உயரமும் ஆறடிக் கோபமும் உடையவளுமாகிய அந்த வீராங்கனை, மாநகர விலங்குக் காட்சிச்சாலையின் வண்டி நிறுத்தத்தில் ஆடிய பெரும்போரையும், கடைசி இருக்கையை அவள் கொண்ட விதத்தையும், கொண்டது கைவிட்டுப் போன விதத்தையும் பாடப் புகுகிறோம். குரங்குகாள், சற்றுக் கத்தாதிருப்பீர். கிளிகாள், நடுவில் பேசாதிருப்பீர்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எவனோ ஒரு பெருஞ்செல்வன் தன் பொழுது போகாமல் எழுப்பியது அக்காட்சிச்சாலை. கரடிக்குக் கோபுரம், முதலைக்குப் பளிங்குப் படித்துறை, ஆமைக்குத் தூண் வைத்த மண்டபம். அந்தச் செங்கற்களைச் சுமந்தவர்கள் எங்கே தூங்கினார்கள் என்பதற்கு மட்டும் அங்கே பலகை இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பலகை உண்டு. அத்தனையையும், சரக்கு லாரி ஓட்டுபவரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சலிப்பறியாதவருமாகிய அப்பா, காலை முதல் உரத்த குரலில் படித்தார். “இவ்-வில-ங்கு இர-வில் வேட்-டை-யாடும்” என்று அவர் முடிப்பதற்குள் விலங்கே எழுந்து உள்ளே போய்விட்டது. இவ்வாறாக மாலை நாலரை ஆயிற்று. குடும்பம் எதைக் காண வந்ததோ அதைக் காணவில்லை.

எதைக் காண வந்தது? ஒட்டகச்சிவிங்கியை. போரின் மூலம் இதுவே, கேளீர்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், மூத்தவளின் மூன்றாம் வகுப்பில், நோட்டில் ஒரு விலங்கின் படம் ஒட்டி வரச் சொன்னார் டீச்சர். ஆயத்த ஆடை ஆலையில் இஸ்திரி மேசையின் முன் நாளெல்லாம் நின்று, வீடு வந்த பின்னும் நின்றே சமைத்த அம்மா, பழைய காலண்டரிலிருந்து ஒட்டகச்சிவிங்கியை வெட்டியெடுத்தாள். படம் நோட்டைவிட நீளம். கலங்கினாளா அம்மா? கழுத்தின் பாதியில் கத்தரியை வைத்தாள். உடம்பை இடப்பக்கத்திலும் தலையை வலப்பக்கத்திலும் ஒட்டினாள், சோற்றுப்பசையால், சுருக்கமே விழாமல். மறுநாள் டீச்சர் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். வீட்டுக்கு வந்த எட்டு வயது வீராங்கனை நோட்டை அம்மாவின் முன் எறிந்து, “உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, சும்மா இருக்கக் கூடாதா?” என்றாள். அம்மா சும்மா இருந்தாள். “நெசத்துல அது எப்படித்தான் இருக்கும்?” என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை.

அந்தப் பதிலைக் காட்டத்தான், வேலை கிடைத்த முதல் மாதமே மூத்தவள் படை திரட்டி வந்தது. ஒட்டகச்சிவிங்கியோ வடகோடியில். ஐந்து மணிக்கு உள்ளே விட்டு அடைத்துவிடுவார்கள். அம்மாவின் பாதங்களோ வீங்கி, செருப்புகள் காலை விட்டுக் கைக்கு ஏறியிருந்தன.

அப்போது தோன்றியது கடைசி வண்டி. ஓசையின்றி உருண்டு வந்த அப்பேட்டரித் தேரைக் கண்டு, “இதெல்லாம் ஒரு வண்டியா, ஹாரனே இல்ல” என்று அப்பா இகழ்ந்தார். இகழாத ஏனையோர் கரை உடைத்த வெள்ளமெனப் பாய்ந்தனர். மூச்சு விடும் நேரத்தில் பதினோரு இருக்கைகள் வீழ்ந்தன. எஞ்சியது பன்னிரண்டாவது, பின்புறம் பார்த்து அமரும் சின்னஞ்சிறு பலகை.

அதை நோக்கி வந்தார் குடைக்காரர். மலையொத்த மேனியர், வெயிலில்லாத மாலையிலும் குடை துறவாதவர். ஒற்றைக் கையால் கம்பியைப் பற்றி, மறு கையால் குடையை வேலென நீட்டினார். வேலின் முனைக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாணே இருந்தது. அந்த ஒரு சாணில் வரலாறு திரும்பிற்று. மூத்தவள் அம்மாவின் கையிலிருந்த வலக்கால் செருப்பைப் பறித்தாள், குறி பார்த்தாள், விட்டாள். பதினான்கு பேர் தலைக்கு மேலாக, வார் அறுந்து இருமுறை தைக்கப்பட்ட அந்தப் பாதாயுதம் சுழன்று சென்று இருக்கையின் நட்டநடுவில் அமர்ந்தது.

“இந்த எடம் எங்கம்மாவோடது. செருப்பு உக்காந்திருக்கு பாருங்க.”

“செருப்பெல்லாம் கணக்குல வராதும்மா.”

“குடை மட்டும் வருமா சார்?”

தேரோட்டி திரும்பிப் பார்த்தார். இருபது ஆண்டுகளாக இதே சண்டையைப் பார்த்துச் சலித்த கண்கள். “மொதல்ல விழுந்தது செருப்பு. நீங்க ஏறுங்கம்மா” என்று தீர்ப்பு வழங்கினார்.

ஏறினாள் அம்மா. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, உலகு பார்க்க, உட்கார்ந்தாள். மூத்தவளின் நெஞ்சில் ஆயிரம் முரசுகள் அதிர்ந்தன.

அந்தோ, அப்போது குடைக்காரர் இருமினார்.

சூழ்ச்சி ஏதுமில்லை, ஓடிவந்த இருமல். ஆனால் இஸ்திரிக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் நின்றவள் அம்மா. அங்கே கண்காணிப்பாளன் வாசலில் வந்து ஒரு முறை இருமுவான். சுவரில் சாய்ந்தவள், குனிந்து முழங்காலைத் தேய்த்தவள், கவிழ்த்த வாளியில் ஒரு கணம் குந்தியவள், அத்தனை பேரும் அந்த ஒலிக்கு எழுந்து நிமிர்ந்தாக வேண்டும். இருமல் காதில் விழுந்தது, அம்மா எழுந்தாள். எழுந்தது மட்டுமா, இறங்கி ஓரமாக, கைகட்டி நின்றாள். மடியிலிருந்த செருப்பு வண்டிக்குள்ளேயே விழுந்தது.

“ரொம்ப தேங்க்ஸ்மா” என்று குடைக்காரர் அமர்ந்தார். வண்டி போய்விட்டது.

“ஏம்மா எந்திரிச்ச?”

“தெரியலடி. அவரு இருமுனாரு.”

வீராங்கனையின் சினம் சிங்கத்தின் கூண்டைத் தாண்டி, மதிலைத் தாண்டி, நகரின் மறுகோடியில் எவனோ ஒருவனுடைய தொண்டையைத் தேடிப் போயிற்று. அவன் போன வருடமே ஓய்வு பெற்றுவிட்டான். அதற்கும் சேர்த்து அவளுக்கு எரிந்தது.

“மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நடந்தா ஆகாதா?” என்றாள் அம்மா. மிஞ்சிய ஒற்றைச் செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டாள். அப்பா வலக்கை உயர்த்தி, “இனிமே ஒரு பலகை படிச்சா என்னை என்னன்னு கேளு” எனச் சபதம் செய்தார். நீர்யானையின் முன் அவர் உதடு அசைந்தது; மகள் முறைத்தாள்; சபதம் பிழைத்தது. வெறுங்காலோடு அம்மா புயலெனப் போக, புது ஷூ கடித்த வீராங்கனை பின்னால் நொண்டினாள்.

சேர்ந்தபோது மணி ஐந்து மூன்று. முற்றம் காலி. “உள்ள போயிடுச்சும்மா” என்றார் காவலர், சாவியை ஆட்டியபடி. மூத்தவள் வேலிக் கம்பியில் நெற்றியை முட்டினாள். படை தோற்றது, பதினாறு ஆண்டு தோற்றது.

“ஏய், அங்க பாருடி.”

முற்றத்தின் முடிவில் அந்தப் பழைய செங்கல் வீடு. கீழே கம்பியிட்ட வாசல். அதில் புள்ளி போட்ட உடம்பும் நான்கு கால்களும். மேலே, இரண்டாள் உயரச் சுவரைத் தாண்டி, தனியாக ஒரு ஜன்னல். அதில் தழை மென்றுகொண்டிருந்த தலை. நடுவில் சுவர்தான் இருந்தது, கழுத்தைக் காணோம்.

அம்மா கீழே பார்த்தாள். மேலே பார்த்தாள். மறுபடியும் கீழே பார்த்தாள்.

“ரெண்டு பக்கமாத்தான் இருக்கு. நான் ஒட்டுனது சரிதான்.”

“சரிதாம்மா” என்றாள் மூத்தவள். “அந்த டீச்சருக்குத்தான் ஒண்ணும் தெரியல. எனக்கும்தான்.”

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அப்பா சிரித்தார், காவலர் காரணம் தெரியாமலே சிரித்தார், ஒட்டகச்சிவிங்கி மேல்ஜன்னலிலிருந்து நாக்கை நீட்டிற்று. எல்லா மாளிகையிலும் நின்று நின்று வந்த வண்டி அப்போதுதான் வந்து சேர, குடைக்காரர் இறங்கி, குடைமுனையில் மாட்டிய செருப்பை நீட்டினார். “அம்மா, உங்க செருப்பு.” கூடவே ஒரு முறை இருமினார்.

அம்மா அசையவில்லை. வேலிச் சுவரின் திட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே கை நீட்டி அதை வாங்கினாள். வானத்துத் தேவர் பூமாரி பொழிக, எண்திசை யானைகள் பிளிறுக, இஸ்திரிக் கூடங்களின் வாளிகள் அனைத்தும் அரியணை ஆகுக, வாழி மூத்தவள், வாழி அவளைப் பெற்றவள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.