‘நீங்கபோங்க’ எழுதிய டிரைவர்

கோயமுத்தூரில் உள்ள அத்தனை வாசல்களிலும் கடைசியாக நுழைந்த மனிதர் எங்கள் ‘நீங்கபோங்க’தான். எருமையைக் கூட ‘வாங்க’ என்று கூப்பிடுகிற ஊர் இது. இங்கேயே ஒருவருக்கு மரியாதையால் பட்டப்பெயர் விழுந்ததென்றால், அந்த மரியாதை எவ்வளவு முற்றிப்போயிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பஸ் வந்து நின்றால் காலேஜ் பெண்கள், கூடைக்காரர்கள், டிபன் கேரியர்காரர்கள் எல்லாரையும் “நீங்க போங்க, நீங்க போங்க” என்று ஏற்றிவிடுவார். கடைசியில் கண்டக்டரையும் ஏறச் சொல்வார். கண்டக்டர் ஏறி விசில் ஊதிவிட்டுப் போய்விடுவார். அடுத்த பஸ் பிடித்து நாங்கள் இரண்டு பேரும் ஆபீசுக்குப் போகும்போது மற்றவர்கள் டீ குடித்து முடித்திருப்பார்கள். அவரை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். அதனால் அவர் செய்யும் ஒவ்வொரு கூத்துக்கும் என் தலைதான் குனிந்தது.

ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டு ஹால் வாசலில் அவரைப் போலவே இன்னொருவர் எதிர்ப்பட்டுவிட்டார். “நீங்க போங்க.” “அட, நீங்க போங்க.” நான் சாப்பிட்டு, கை கழுவி, பீடா போட்டுக்கொண்டு வெளியே வந்தபோதும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். பெண் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, “ஏனுங்க, அவருக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் கம்பெனியின் பெரிய வேலை போய்ச் சேர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசி. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் நெட்வொர்க் கார்டு வேண்டும். கார்டே இல்லாமல், இருப்பது போல் கம்ப்யூட்டரை நம்பவைத்து, பின்பக்கம் சாதாரண ஒயரைச் செருகி வேலையை முடிக்கிற டிரைவர் என்கிற புரோகிராம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். ‘நீங்கபோங்க’ ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதி முடித்தார். மேலோட்டமாகப் பார்த்ததில் மணிமணியாக இருந்தது.

முதல் வாடிக்கையாளர் சோமனூர் தறி முதலாளி ஒருவர். அவருடைய ஆபீஸ் ரூமில் ஒரு கம்ப்யூட்டர், சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடத்தில் ஒன்று. இங்கே தட்டுவது அங்கே தெரிய வேண்டும். முதலாளி தன் பெயரைத் தட்டினார். எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ஒன்றுமில்லை. டீ வந்தது. குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்த பிறகு முதல் எழுத்து தயங்கித் தயங்கி வந்து நின்றது.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கு நானே நடந்து போய்ச் சொல்லிப்போட்டு வந்துருவனுங்களே” என்றார் முதலாளி.

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில் எனக்குக் கூசிப்போய்விட்டது. ‘நீங்கபோங்க’ ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியில், கூட வந்திருந்த எங்கள் மேனேஜர், “மறுபடியும் இப்படித்தான்னா, ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார்.

அவர் எழுதியதைத் திறந்து படித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தை அனுப்பும் முன்பும் டிரைவர் எதிர்ப்பக்கத்தைக் கேட்கிறது: அனுப்பலாமா? ‘அனுப்பு’ என்று பதில் வரும்வரை காத்திருக்கிறது. அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்ததா?’ என்று மறுபடி கேட்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்ப நினைத்தால், இரண்டுமே பின்வாங்கி வழிவிட்டு நிற்கின்றன. கல்யாண வாசலை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தார்.

“எதுக்குங்க ஒவ்வொண்ணுக்கும் கேக்கறீங்க?”

“கேக்காம எப்படீங்க? அந்தப் பக்கம் அது என்ன வேலையா இருக்குதோ.”

“அது மெஷினுங்க.”

“மெஷின்னா திடுதிப்புனு போய் நிக்கலாமுங்களா?” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சண்டை போடவும் மனசில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

மத்தியானம் மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வேலை போகப் போகிறது என்றாலும் பசி மட்டும் நன்றாக இருந்தது. இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. இவர் அப்போதும் நின்றுகொண்டு, “உக்காரலாமுங்களா?” என்றார். கூட்டம் மொத்தமும் எங்களைப் பார்த்தது. எனக்கு டேபிளுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

மெஸ்காரம்மா சாம்பார் வாளியோடு நின்று, “எலை போட்டதே உங்களுக்குத்தானுங்க சாமி. இனி என்னத்தைக் கேக்கறீங்க?” என்றார்.

‘நீங்கபோங்க’ இலையையே பார்த்தார். அடுத்தடுத்துப் போட்டிருந்த காலி இலைகளைப் பார்த்தார். “அட, மொதல்லயே எலை போட்டு வெச்சுட்டா கேக்க வேண்டீதே இல்லீங்களே” என்றார். பிறகு என் காலை மிதித்துக்கொண்டு, என்னை இடித்துத் தள்ளிவிட்டு, வாசலில் எனக்கு முன்னால் வெளியே ஓடினார். அவர் ஒரு வாசலை முதலில் தாண்டியதை நான் பார்த்தது அன்றுதான்.

எதிர்ப்பக்கக் கம்ப்யூட்டர், இலை போடுவது போல், காலி இடங்களை முன்கூட்டியே வரிசையாக ஒதுக்கி வைத்துவிடும். இடம் இருக்கும்வரை இந்தப் பக்கம் கேட்காமல் அனுப்பலாம். நிறைந்தால் மட்டும் நின்றால் போதும். அப்படி மாற்றி எழுதினார்.

சோமனூரில் முதலாளி இங்கே தட்டத் தட்ட, “வந்துருச்சுங்கோ” என்று தறிச் சத்தத்தை மீறி அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. முதலாளி சிரித்தார். மேனேஜர் முதல் தடவையாக என் தோளில் கை போட்டார். எங்கள் இரண்டு பேருடைய வேலையும் தப்பித்தது. ‘நீங்கபோங்க’ மட்டும் மூலையில் கூனிக்குறுகி நின்றார்.

“என்னங்க, சந்தோசமில்லீங்களா?”

“வேகமாத்தானுங்க போகுது. ஆனாலும் சொல்லாம கொள்ளாம போய் விழுகறதப் பாத்தா, ஒரு மாதிரி வெக்கமா இருக்குதுங்க.”

கிளம்பும்போது வாசலில் எல்லாரும் நின்றோம். “நீங்க போங்க” என்றார். வழக்கமாகக் கையைப் பிடித்து இழுத்துவிடுவேன். அன்றைக்கு அவர் சொன்னபடியே முன்னால் போனேன்.

அப்புறம் அவர் வெளிநாடு போய்விட்டார். இப்போது என் கைபேசிக்குள் யார் யாரோ நேரங்காலம் இல்லாமல் வந்து விழுகிறார்கள். அழைப்பதற்கு முன்னால், ‘இப்பப் பேசலாமுங்களா?’ என்று எழுதிக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான். எந்த வேலையில் இருந்தாலும் அதை அப்படியே போட்டுவிட்டு, அவரைக் காக்கவைக்காமல் உடனே பதில் அனுப்பிவிடுவேன்: ‘எலை போட்டே இருக்குதுங்க.’