பெ.வ. 7: பார்க்க, ஆற்று வழி

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், பெயரைச் சொன்னால் அதை எப்படிச் சுருக்கி எழுதுவது என்று உடனே ஒரு கமிட்டி உட்கார்ந்துவிடும்) ஆற்றுக்குப் போக ஒரே ஒரு பாதை இருந்தது. பாதிப் பேர் அதை ஆற்று வழி என்றார்கள். யாரோ ஒரு காலத்தில் காட்டுப் பாதைகளை எண்ணியபோது ஏழாவதாக வந்ததால் சிலர் ஏழாம் பெருவழி என்றார்கள். அவசரக்காரர்கள் பெ.வ. ஏழு என்றார்கள். எப்படிச் சொன்னாலும் எல்லோரும் ஆற்றில்தான் போய்த் தண்ணீர் குடித்தார்கள். பெயரை மாற்றிச் சொன்னதால் ஒருவரும் மலை உச்சியில் போய் நிற்கவில்லை.

அப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததுதான் சடையாண்டிக்குப் பொறுக்கவில்லை. சடையாண்டி ஒரு கரடி, காட்டுக் களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். களஞ்சியம் என்றால் காட்டில் உள்ள மரம், மடு, பாறை, பாதை எல்லாவற்றையும் பற்றி அகர வரிசையில் எழுதிவைத்த தடிப் புத்தகம். அதில் அந்த ஒரே பாதை பதினோரு இடத்தில் பதினோரு விதமாக எழுதப்பட்டிருந்ததைப் பக்கத்துக் காட்டுக் கரடி ஒன்று கண்டுபிடித்து, விருந்தில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்துவிட்டது. சடையாண்டிக்கு அன்றைக்குத் தேன் இறங்கவில்லை. மறுநாளே கமிட்டி போட்டார்.

கமிட்டி என்றால் அவரும் துணைப் பதிப்பாசிரியர் வேலாயுதமும்தான். வேலாயுதம் முள்ளம்பன்றி. எழுதுகோலுக்கு அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, முதுகிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். முழுப் பெயரைத்தான் எழுத வேண்டும், சுருக்கினால் பாதைக்கே அவமானம் என்றார் கரடி. சுருக்கித்தான் எழுத வேண்டும், என் முதுகில் முள் என்ன முளைத்துக்கொண்டேயா இருக்கிறது என்றார் முள்ளம்பன்றி. புள்ளி வைப்பதா வேண்டாமா, புள்ளிக்கும் எண்ணுக்கும் நடுவே இடம் விடுவதா, விட்டால் எவ்வளவு என்று நாலு மாதம் போனது. கடைசியில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோய், பாதைக்கு இரண்டு பதிவு இருக்கட்டும், ஆற்று வழி என்று முழுப் பெயரில் ஒன்றைக் கரடி எழுதட்டும், பெ.வ. 7 என்று சுருக்கத்தில் ஒன்றை முள்ளம்பன்றி எழுதட்டும் என்று முடிவானது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை என்பதும் தீர்மானத்தில் இருந்தது. மானஸ்தர்கள் அல்லவா!

இதற்கிடையில் கமிட்டி இரண்டு உத்தரவு போட்டிருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் 'ஆற்றுக்கு' என்று செதுக்கி நட்டிருந்த கல், ஒப்புக்கொண்ட வடிவத்தில் இல்லாததால் பிடுங்கப்பட்டது. காகிதம் பறக்காமல் இருக்க அதைக் கமிட்டி மேசையில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது உத்தரவு, களஞ்சியத்தில் எங்கே போகிறது என்று போட்டிருக்கும் பாதையில் மட்டும்தான் மிருகங்களை விடலாம் என்பது. அதற்காகக் குறுக்கே ஒரு தடுப்புக்கட்டை போட்டு, கொம்பையா என்ற காட்டுப்பன்றியைக் காவலுக்கு வைத்து, கையில் புத்தகத்தையும் கொடுத்துவிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் அவனுக்கு அந்த வேலை கிடைத்தது.

அந்தக் கோடையில் பாதையோரக் குட்டை வற்றத் தொடங்கியது. அதில் மெய்யம்மை என்று ஒரு ஆமை இருந்தாள். குட்டையில் இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் தண்ணீர். ஆற்றுக்கு நண்டு ஓட்டத்தில் அரை நாள், ஆமை நடையில் ஆறு நாள். நாள் இருக்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது என்று பக்கத்து வளை நண்டு தங்கப்பழத்திடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். தங்கப்பழம் அப்போது வயிற்றுக்கடியில் நூறு முட்டையை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தாள். குஞ்சு வெளியே வந்ததும் தானும் வருவதாகச் சொன்னாள்.

தடுப்புக்கட்டையில் கொம்பையா புத்தகத்தைப் புரட்டினான். 'பெ.வ. 7' என்ற பதிவில் 'பார்க்க: ஆற்று வழி' என்று இருந்தது. 'ஆற்று வழி'க்குப் போனான். அங்கே 'பார்க்க: பெ.வ. 7' என்று இருந்தது. மறுபடி பின்னால் போனான். பாதை எங்கே போகிறது என்ற விவரத்தை கரடி எழுதியிருப்பார் என்று முள்ளம்பன்றியும், முள்ளம்பன்றி எழுதியிருப்பார் என்று கரடியும் விட்டிருந்தார்கள். கொம்பையாவுக்கு அது எப்படித் தெரியும்? மூன்று நாள் முன்னும் பின்னும் புரட்டினான். கடமையில் கண்ணும் கருத்துமான பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது.

மூன்றாம் நாள் மெய்யம்மை கழுத்தை நீட்டிக் காட்டினாள். பள்ளத்தில் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"அந்தா தெரியுது பாரு தம்பி, ஆறு."

"தெரியிறதெல்லாம் ஆறு ஆயிடுமா ஆத்தா? புஸ்தகத்துல இருக்கணும்ல."

அந்த நேரம் பார்த்து யானை ஒன்று பின்னாலிருந்து வந்தது, தும்பிக்கையால் கட்டையைத் தூக்கிவிட்டுப் போனது. கொம்பையா எழுந்து நின்று கும்பிட்டான். அவர் படிக்காதவர், அவருக்குப் புத்தகம் பொருந்தாது என்று ஆமையிடம் விளக்கமும் சொன்னான்.

கட்டை காட்டெருமை உயரத்தில் இருந்தது, ஆமை அடியில் புகுந்து போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அதே ஆத்திரம்தான். ஆனால் மெய்யம்மை அந்த ஜாதி இல்லை. ஆளே இல்லாத கவுன்டரிலும் வரிசைக்குக் கட்டிய கயிற்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து நிற்பவர்கள் உண்டே, அவர்களில் ஒருத்தி. முறைப்படி கேட்போம் என்று ஒரு நாள் திரும்பி நடந்து கமிட்டிக்குப் போனாள்.

இரண்டு பதிவும் ஒன்றையொன்று பார்க்கச் சொல்கின்றன என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சடையாண்டி கோபப்படவில்லை. கண் கலங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் இந்தக் காட்டில் அந்தப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்த முதல் வாசகி அவள்தானாம். தப்பு யாருடையது என்று கரடியும் முள்ளம்பன்றியும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு நாலு மாதத்தில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இப்படிப்பட்டவள் வெளியே இருக்கக்கூடாது என்று அங்கேயே அவளைக் கமிட்டியில் மூன்றாவது உறுப்பினர் ஆக்கினார்கள். உறுப்பினர் என்றால் ஒரு கல் தொட்டி உண்டு. யானை தினமும் காலையில் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். எந்த வழியாக என்று யாரும் அதைக் கேட்டதில்லை.

மெய்யம்மை கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் கூட்டத்திலேயே, 'இது ஆற்றுக்குப் போகும்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்றாள். எந்தப் பதிவில் என்று கரடி கேட்டார். ஆமாம், எந்தப் பதிவில் என்று முள்ளம்பன்றியும் கேட்டார். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு, முடிவு இவள் கையில். அவர் பக்கம் போட்டால் இவருக்குப் பொல்லாப்பு, இவர் பக்கம் போட்டால் அவருக்கு. யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் உறுப்பினர் பதவி போகும், தொட்டியும் அதோடு போகும். மெய்யம்மை தொட்டித் தண்ணீரில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே என்றாள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டமும் அப்படித்தான். மூன்றாவது கூட்டத்தில் புள்ளிக்கும் எண்ணுக்கும் நடுவே விட வேண்டிய இடம் பற்றி அவளே ஒரு குறிப்பு வாசித்தாள், நன்றாக இருந்தது என்று இருவரும் பாராட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் தங்கப்பழம் கமிட்டிக்கு வந்தாள். குட்டையில் சேறுதான் மிச்சம். வயிற்றுக்கடியில் நூறு குஞ்சும் பொரிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஈரத்துக்குத் துழாவிக்கொண்டிருந்தன. தடுப்புக்கட்டையில் கொம்பையா புரட்டிக்கொண்டே இருக்கிறான் என்றும், நம்ம மெய்யம்மை அக்காதானே மேலே இருக்கிறாள், ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுவானே என்று நினைத்து வந்ததாகவும் சொன்னாள்.

அப்போது இரண்டு பதிப்பாசிரியர்களும் மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள். பேனா நின்றிருந்தது. இரண்டு பேரும் மெய்யம்மை என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள்.

"புள்ளைங்க இன்னைக்குப் பொழுது தாண்டாதுக்கா. அந்தா தெரியுது பாரு, ஆறு."

மெய்யம்மை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தொட்டி விளிம்பைப் பார்த்தாள்.

"தெரியிறதெல்லாம் ஆறு ஆயிடுமா தங்கப்பழம்?"

தங்கப்பழம் அவளைப் பார்த்தாள். தொட்டியில் தளும்பிய தண்ணீரைப் பார்த்தாள். மேசைமேல் காகிதத்தை அழுத்திக்கொண்டிருந்த கல்லையும் பார்த்தாள், 'ஆற்றுக்கு' என்று அதில் நன்றாகவே செதுக்கியிருந்தது. திரும்பி நடந்தாள். தடுப்புக்கட்டைக்கு வந்தபோது கொம்பையா பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. நண்டுக்கு நேராக நடக்கும் பழக்கம் என்றைக்கு இருந்தது? பக்கவாட்டில் நகர்ந்து கட்டைக்கு அடியில் புகுந்து, பொழுது சாய்வதற்குள் நூறு குஞ்சையும் ஆற்றில் இறக்கிவிட்டாள்.

இந்தச் செய்தி கமிட்டிக்கு வந்தபோது சடையாண்டியும் வேலாயுதமும் வெலவெலத்துப் போனார்கள். எங்கே போகிறது என்று எழுதாத வழியில் ஒருத்தி ஆற்றுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றால் அப்புறம் புத்தகம் எதற்கு? மெய்யம்மைதான் வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள். அடுத்த பதிப்பில் இரண்டு பதிவிலும் ஒரே மாதிரி ஒரு வரி சேர்ந்தது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, மூன்று ஓட்டும் விழுந்தது. 'இவ்வழியே எவரும் ஆற்றுக்குச் சென்றதாக ஆதாரம் இல்லை.'

மறுநாள் காலை அந்த வழியாகத்தான் யானை வந்து தொட்டியை நிரப்பியது.

நீதி: தாகம் எடுத்தால் ஆற்றைத் தேடி அலையாதே. ஆற்றுக்கு வழி எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு தொட்டி காலியாக இருக்கிறதா என்று பார்.