ஓவசியர் வீடு விற்பனைக்கு

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பும் கண்ணியமும் நிறைந்த மைத்துனர் றுவைஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் ராத்தா ஸுல்பிகாவும் மகள் ஸல்ஹாவும் உடலளவில் சுகமாக இருக்கிறோம். தோஹாவில் நீங்களும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்செய்வானாக. அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் வாழ்கிறோம் என்று சென்ற முறை குறைப்பட்டுக்கொண்டீர்கள். அந்தக் குறைக்காக இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதுகொள்ளுங்கள். காரணம் கீழே வருகிறது.

கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டை விற்க வேண்டும். உங்கள் கம்பனியில் வேலை செய்யும் நம்மூர் ஆட்களில் டவுனுக்குள் வீடு தேடுகிறவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். அவர் உங்களுக்குப் பிடிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது.

குறிஞ்சாக்கேணி வயலை விற்றுவிட்டு மகளுக்கு வீடு தேடியபோது, பாலையூற்றுப் பக்கம் ஒரு வெறுங்காணியைப் பார்த்து ஏறக்குறைய முடித்திருந்தேன். நீங்கள்தான் தொலைபேசியில், "வெறுங்காணிய வாங்கி என்ன செய்யப்போறீங்க மச்சான்? றோட்டு வர எத்தின வருசமோ, லைட் வர எத்தின வருசமோ. டவுனுக்குள்ள பழைய ஏரியாவாப் பாருங்க. மரம் வளந்திருக்கும், சனம் செட்டிலாகி இருக்கும், எல்லாம் ரெடி" என்றீர்கள். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. மரம் வளர்ந்திருக்கிறது; அதன் வேர் குளியலறைக்குள் வந்துவிட்டது. சனமும் செட்டிலாகி இருக்கிறது. எங்கே என்பதைத்தான் நீங்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டில்.

நான் நூலகராக இருந்தவன். பிறரை மௌனமாக இருக்கச் சொல்லியே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்றபின் அந்த மௌனத்தில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் இந்த ஒழுங்கையை முதல் தடவை பார்த்தபோது அது நண்பகல், எல்லோரும் உறக்கம். எவ்வளவு அமைதியான இடம் என்று வியந்தேன். நண்பகலில் வீடு பார்க்கப் போகக்கூடாது என்பதை எந்த நூலிலும் யாரும் எழுதிவைக்கவில்லை. வீடு மெல்பேர்னில் இருக்கும் ஓர் அம்மையாருக்குத் தாய்வழியாக வந்தது. அவருக்காக ஒரு சட்டத்தரணி கையெழுத்து வைத்தார். நம் வழக்கப்படி நான் வீட்டின் உறுதிப் பத்திரத்தை நேராக ஸல்ஹாவின் பெயரிலேயே எழுதுவித்தேன். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தாயிற்று, இனி மாப்பிள்ளை வரவேண்டியதுதான் என்று அன்றைக்கு நிம்மதியாக உறங்கினேன். அதுதான் கடைசி நிம்மதி.

இந்த வீட்டுக்கு மாநகரசபை ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறது. அதை ஒருவரும் பாவிப்பதில்லை. இது 'ஓவசியர் வீடு'. அந்த அம்மையாரின் தகப்பன் வீதித் திணைக்களத்தில் வேலையாட்களை நின்று மேற்பார்வை பார்க்கும் ஓவசியராக இருந்தவர், காலமாகி வெகுகாலம். ஆனால் இந்த ஒழுங்கையில் அவர் என்னைவிட உயிரோடு இருக்கிறார். தபால்காரர் என் பெயர் எழுதிய கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். 'ஓவசியர் வீடு' என்று எழுதினால் வந்துசேர்கிறது. நான் எதைச் செய்தாலும் அது ஓவசியர் செய்த முறையில்லை. வேலியில் செவ்வரத்தை நட்டால் ஓவசியர் அந்த மூலையில் நடவே மாட்டார். வாசலில் வாளியை வைத்தால் ஓவசியர் வாளியைக் கவிழ்த்துத்தான் வைப்பார். இறந்தவர்களில் நபிமார்களுக்கு அடுத்தபடியாக இவ்வளவு பின்பற்றப்படும் ஒருவரை நான் அறியேன்.

குடிவந்த அன்று பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் புஷ்பவதி அக்கா பின் கேற்றால் உள்ளே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். குசினிக்குள் போய், உங்கள் ராத்தா வைத்த சீனிப் போத்தலை எடுத்து அலுமாரியின் வேறு தட்டில் வைத்து, "சீனி இஞ்சதான் பிள்ளை. அங்க வைச்சா எறும்பு வரும்" என்றார். அடுத்தது மருந்து அலுமாரி. நான் உங்கள் ராத்தாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எறும்பு எந்தப் பக்கத்தால் வரும் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின் கேற் எதற்கு என்று கேட்பீர்கள். வளவுக்குள் இருக்கும் கிணறு பங்குக் கிணறு. இந்தப் பக்கம் கடல் கூப்பிடு தூரம் என்பதால் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். குழாயில் தண்ணீர் வந்தாலும், தேத்தண்ணிக்கு இந்தக் கிணறுதான் என்று மூன்று வீட்டாரும் ஒரே முடிவில் இருக்கிறார்கள். உறுதியில் கிணற்றில் பங்கு என்று எழுதியிருந்ததை நானும் வாசித்தேன். கிணற்றில் எங்களுக்குப் பங்கு என்று விளங்கிக்கொண்டு மகிழ்ந்தேன். மற்றவர்களுக்கு எங்கள் காலைப்பொழுதில் பங்கு என்பது பிறகுதான் விளங்கியது. சுபஹு தொழுதுவிட்டுப் புத்தகத்தை விரித்தால், ஜன்னலுக்கு வெளியே இந்த ஒழுங்கையின் நேற்றைய நிகழ்வுகள் முழுவதும் வாளிச் சத்தத்தோடு வாசிக்கப்படுகின்றன. சில நாட்களில் அதில் நானும் வருகிறேன். "மனுசன் நாள் முழுக்கப் புத்தகமே வைச்சிருக்கிறார். கண்ணுக்கு என்னவோ?"

மனிதர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கு மான்களும் செட்டிலாகி இருக்கின்றன. டவுனுக்குள் புள்ளிமான் திரிவது உங்களுக்குத் தெரிந்ததே. கண்டால் வெளியூர்க்காரர் படம் எடுப்பார்கள். அவை படம் முடிந்ததும் எங்கே போகின்றன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஓவசியர் வீட்டுக்குப் போகின்றன. ஓவசியர் பலாத் தோலும் கஞ்சியும் வைப்பாராம். ஸுல்பிகா நட்ட மல்லிகையை வேரோடு தின்றுவிட்டு, துணிக்கொடியில் காய்ந்த என் சாரத்தை ருசிபார்த்து, அது பிடிக்காமல் நிலத்தில் போட்டுவிட்டுப் போயின. முன் கேற்றுக்குப் பூட்டுப் போட்டேன். மறுநாள் காலை கேற்றுக்கு வெளியே மான்கள் நின்றன. அவற்றோடு எதிர்வீட்டு அருளம்பலம் ஐயாவும் நின்றார். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், எண்பதைத் தாண்டியவர். அறுபத்துமூன்று வயதான என்னைத் தம்பி என்பார்.

"தம்பி, கேற்றைப் பூட்டாதேங்கோ. அதுகள் வாற நேரம்."

"ஐயா, இது நாங்கள் வாங்கின வீடு."

"ஓம், கேள்விப்பட்டனான்" என்றார், பாலையூற்றில் மழை பெய்ததைக் கேள்விப்பட்டவர் போல. "அதுகளுக்கு அது விளங்குமே?"

இப்போது மூதூரிலிருந்து வந்த சம்பந்தத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை ஸப்வானை நீங்கள் அறிவீர்கள். வங்கியில் வேலை, அமைதியான பிள்ளை. பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டது. மிச்சம் வீடு பார்க்க வரவேண்டியதுதான். சென்ற ஞாயிறு வந்தார்கள். நம்மிடம் கதிரை போதாது என்பதைப் புஷ்பவதி அக்கா எப்படியோ அறிந்து, தன் கதிரைகள் இரண்டைப் பின் கேற்றால் கொண்டுவந்து போட்டார். போட்டவர் ஒன்றில் அமர்ந்தார். மற்றதில் அருளம்பலம் ஐயா அமர்ந்தார். ஸப்வானின் வாப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூரை எப்படி?" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"ஒழுகும்" என்றார் புஷ்பவதி அக்கா. "மார்கழி மழைக்கு வடக்கு அறையில ரெண்டு சட்டி வைச்சாக் காணும். சட்டி நான் தருவன்."

"கறையான் கிறையான்?"

"இப்ப இல்லை" என்றார் அருளம்பலம் ஐயா. சிறிது யோசித்துவிட்டு, "வாசலில இல்லை" என்று திருத்தினார்.

இவ்வளவு நேர்மையான முன்னுரையை நான் எந்த நூலிலும் வாசித்ததில்லை. நீண்டகாலம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் விருந்தாளிக்கும் சொல்வதில்லை. அப்போது ஒரு மான் விறாந்தையில் ஏறி வந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்திருந்த வாழைப்பழத் தட்டில் வாய்வைத்தது. ஒருவரும் அதைத் துரத்தவில்லை. ஸல்ஹா உள்ளிருந்து வந்து அதன் காதைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அவளும் அதுவும் முன்பே அறிமுகமானவர்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஸப்வானின் வாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இது ஆர்ர ஊடு?" என்று கேட்டுவிட்டார். கேள்வி என்னிடம்தான். பதில் மூன்று வாயிலிருந்து வந்தது.

"ஓவசியர் வீடு."

மூன்றாவது வாய் உங்கள் ராத்தாவுடையது. பழக்கத்தில் வந்துவிட்டதாம்.

வாசல்வரை கூட்டிக்கொண்டு போனபோது அவர் நிபந்தனையைச் சொன்னார். "பின் கேற்ற அடைச்சி மதில ஒசத்துங்க. கிணத்தடிக்கு ஒருத்தரும் வரப்படாது. எங்கட மகன் சந்தியில குடியிருக்க ஏலாது. அது முடிஞ்சாத் திகதி குறிப்பம்." ஸப்வான் பக்கத்தில் நின்று தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் வாழ்க்கை ஒரு பின் கேற்றில் வந்து நின்றது. மறுநாளே கல்லும் சீமெந்தும் இறக்கினேன். மேசனும் வந்தார். புஷ்பவதி அக்கா வாளியோடு வந்து கல்லைப் பார்த்தார். சண்டை பிடிப்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர், "கல்லை நனைக்காமக் கட்டினா வெடிக்கும், தம்பி" என்று சொல்லி, அள்ளிய தண்ணீரைக் கல்லுக்கு மேல் ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு போய்விட்டார்.

பிறகு அருளம்பலம் ஐயா வந்தார். "அடைக்கிறதெண்டா அடையுங்கோ. ஆனா முன் ஒழுங்கையில அம்புலன்ஸ் திரும்பாது. ஓவசியரை இந்தக் கேற்றாலதான் கொண்டு போனது. நீங்கள் எந்தப் பக்கத்தால போறதா உத்தேசம்?" பழைய ஏரியா என்றால் எல்லாம் ரெடி என்றீர்களே மச்சான், நான் வெளியேறும் வழியும் ரெடியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது. சென்ற மாதம் ஒருநாள் உங்கள் ராத்தா இரத்தத்தில் சீனி குறைந்து கிணற்றடியில் விழுந்துவிட்டார். பதற வேண்டாம், இப்போது சுகம். நான் முன் அறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. புஷ்பவதி அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. பின் கேற்றால் ஓடிவந்து, சரியான தட்டிலிருந்து சீனியை எடுத்து வாயில் வைத்து, உட்காரவைத்தபின்தான் என்னைக் கூப்பிட்டார். மருந்து எங்கே இருக்கிறது என்று நான் அவரிடம்தான் கேட்டேன். அன்றிலிருந்து ஸல்ஹா பாடசாலையிலிருந்து கொண்டுவரும் பரீட்சைத் தாள்களைக் கிணற்றடியில் அக்காவோடு இருந்துதான் திருத்துகிறாள். நன்றி வேறு, மதில் வேறு. நன்றிக்காக ஒருவர் மகளைக் கன்னியாகவே வைத்திருக்க முடியாது.

ஆகவே தீர்க்கமாக முடிவெடுத்துவிட்டேன். இந்த மனிதர்களின் முகத்துக்கு முன்னால் மதில் கட்ட என் கைக்கு ஏலாது. கட்டாவிட்டால் கலியாணம் நடக்காது. வீட்டை விற்றுவிட்டு அந்த வெறுங்காணியையே வாங்குவோம். றோட்டு வேண்டாம், மரம் வேண்டாம், நம்மை ஒருவரோடும் ஒப்பிட்டுப் பார்க்காத வெறும் மணல் போதும். விளம்பரத்துக்கு வாசகமும் எழுதிவிட்டேன்: 'நன்கு வளர்ந்த குடியிருப்பு, நல்ல தண்ணீர்க் கிணறு, அக்கறையுள்ள அயலவர்கள், இயற்கைச் சூழல்.' ஒரு சொல்லும் பொய்யில்லை. வாங்குபவரை நண்பகலில் வரச்சொல்லுங்கள்.

உங்கள் தொழிலில் பரக்கத்தும், பிள்ளைகளுக்கு நல்லறிவும், உங்களுக்கு இனிமேல் ஆலோசனை சொல்லும்போது சிறிது தயக்கமும் உண்டாக துஆச் செய்கிறேன். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
எஸ். அலியார்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி ஸல்ஹாவிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு பக்கத்தையும் நின்று வாசித்தாள். "வடிவா எழுதியிருக்கீங்க வாப்பா. ஆனா ஆர்ர ஊட்ட விக்கப் போறீங்க?" என்றாள். உறுதி அவளுடைய பெயரில். அவள் கையெழுத்து வைக்கமாட்டாளாம். ஸப்வானுக்கு நேற்றே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டாளாம்: "மதில் கட்டுற மாப்பிள்ள வேணாம். கூரைக்கு ஓடு மாத்துற மாப்பிள்ளயா இருந்தா வரச்சொல்லுங்க." அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் பதிலில்லை. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் போலும். நானும் உங்கள் ராத்தாவும் இங்கேயே இருக்கலாம் என்று வீட்டுச் சொந்தக்காரி பெரிய மனதுடன் அனுமதி தந்திருக்கிறாள். பின் கேற் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஒருவரையும் விசாரிக்க வேண்டாம். இறக்கிய கல் வீணாகக்கூடாது என்று கிணற்றடியில் மான்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டச் சொல்லியிருக்கிறாள். மேசனுக்குப் பக்கத்தில் குடையோடு நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அருளம்பலம் ஐயா வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "அச்சொட்டா ஓவசியர் மாதிரியே நிக்கிறியள், தம்பி" என்றார். இவ்வளவு காலத்தில் இந்த ஒழுங்கையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை என்பதால், சொல்லக்கூடாததையும் சொல்லிவிட்டேன்: வீட்டை விற்கப் பார்த்தேன், மகளின் பெயரில் இருப்பதால் முடியவில்லை என்று.

"அவரும் சாகும்வரைக்கும் விக்கத்தான் பாத்தவர்" என்றார் ஐயா. "வீடு மனிசியிட பேரில எல்லோ கிடந்தது."