சிவப்புக் காரை இன்னொருவரும் ஓட்டுகிறார்

பல்ஷ்,
வியாழக்கிழமை

அன்பும் கைராசியும் நிறைந்த மச்சான் கோர்னெலுக்கு,

அத்தான் நிக்கிஃபோர் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா ஸவீத்தா, மகள் இலிங்கா மூவரும் சுகம். இத்தாலியில், பொலோனியாவில் நீயும் உன் கார் பட்டறையும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். எங்கள் வீட்டில் இப்போது நான்காவதாக ஒருவரும் இருக்கிறார் போலிருக்கிறது. அவரும் சுகம்தான். அவர் செத்து நாற்பத்தேழு நாள் ஆகிறது என்பதுதான் சங்கடம்.

விஷயத்துக்கு வருகிறேன். இலிங்காவுக்கு க்ராயோவா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை கிடைத்து, வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, கார் வாங்கியே தீரவேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். சாதுவான கார் ஒன்றை வாங்கியிருப்பேன். நீதான் படம் படமாக அனுப்பி அவள் புத்தியைக் கெடுத்தாய். ரெண்டே கதவு, பருத்த டயர், ஏறி உட்கார்ந்தால் இடுப்பு தரையைத் தொடுகிறது, ஸ்டார்ட் செய்தால் கோபக்கார மாமனார் தொண்டையைச் செருமுகிற சத்தம். இந்த ஜாதிக் கார் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பழசாக இரண்டுதான் விலைக்கு இருந்தன. ஒன்று, க்ராயோவா வியாபாரியிடம் நீ போன் போட்டு சனிக்கிழமை வரை நிறுத்தி வைத்திருக்கிற நீலக் கார். மற்றது, நம் தெருக்கோடி வேத்தா அம்மாளின் சிவப்புக் கார்.

நீலத்துக்கு டர்போ உண்டு, வேகம் உண்டு, ஜெர்மனியிலிருந்து வந்தது என்ற பெருமையும் உண்டு. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் ஊராரின் தண்ணீர் மீட்டரைக் கணக்கெடுத்தவன் நான். எண்பதாயிரம் ஓடியதாகக் காட்டுகிற காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாகவும் ஸ்டியரிங் தோல் மழமழவென்றும் இருந்தால், மீட்டர் பொய் சொல்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிவப்பு அப்படியில்லை. வேகம் கொஞ்சம் மட்டு, ஆனால் ஒரே ஆள் கை பட்ட கார். வேத்தாவின் புருஷன் தீத்து ஆயில் மாற்றிய தேதியெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவர் இறந்ததும் காரில் அல்ல, செர்ரி மரத்திலிருந்து விழுந்து. காரில் ஒரு கீறல் கிடையாது.

சரி, பார்த்துவிட்டு வரலாம் என்று போன வியாழக்கிழமை போனேன். அன்றைக்கு அவருடைய நாற்பதாம் நாள் என்பது வாசலில் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. திரும்பவா முடியும்? வேத்தா ஒரு தட்டை நீட்டினாள். சர்க்கரை போட்ட கோதுமைப் படையல், அதில் எரிகிற மெழுகுவத்தி, பக்கத்தில் ஏதோ பளபளப்பாக. படையல் தட்டு கைக்கு வந்தால் வாய் தன்னால் சொல்லுமே, அதைத்தான் சொன்னேன்: "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்." கூட்டமே சிலுவைக்குறி போட்டது. குனிந்து பார்த்தால், பளபளத்தது கார்ச்சாவி!

"விலை என்னம்மா?" என்றேன்.

"விலையா? அவருக்காகத் தானமா கொடுத்தாச்சுண்ணே. இத்தனை பேரு பாக்க நீங்க வாங்கிக்கிட்டு மன்னிப்பும் சொல்லிட்டீங்களே. அங்க அவரு நடந்தா திரிவாரு? முழங்கால் வலி வேற."

மச்சான், நம் வழக்கம் உனக்குத் தெரியாததா! இங்கே வாங்கிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னால், கொடுத்த பொருள் அந்த நிமிஷமே அங்கே அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேத்தாவின் அத்தை செத்தபோது கட்டில், டிவி எல்லாம் அப்படித்தான் போயின. கட்டில் ஓடாது. கார் ஓடும்.

ஓடத்தான் ஓடுகிறது. கேட் பூட்டிய முற்றத்தில் நிறுத்தி, சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடப் போனவன் கார் மேல் கையை ஊன்றினால், பானட் சுடுகிறது. உள்ளே பார்த்தால் நெட்டையன் நான் பின்னுக்குத் தள்ளி வைத்த சீட், குட்டையானவர் ஓட்டினாற்போல முன்னுக்கு வந்திருக்கிறது. தீத்து எவ்வளவு குட்டை என்று உனக்குத் தெரியும். பின்னால் பார்க்கிற கண்ணாடி கீழே சாய்ந்திருக்கிறது, லேசாக சிகரெட் நாற்றம், மீட்டரில் இருபத்திரண்டு கிலோமீட்டர் கூடுதல். மறுநாளும் இருபத்திரண்டு. அதற்கு மறுநாளும். செவ்வாய்க்கிழமை வேத்தா வேலியோரம் வந்து, "நேத்து கனவுல வந்தாருண்ணே. வண்டி நல்லா ஓடுதாம். பெட்ரோல்தான் பத்தலையாம்" என்றாள். என்ன செய்யச் சொல்கிறாய்? கொண்டுபோய் நிரப்பினேன்.

"உசிரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்ததில்ல, இப்ப டாங்க் நிரப்புறீங்களாக்கும்!" என்றாள் உன் அக்கா. ஆனால் அவளும் முற்றத்துப் பக்கம் ஜன்னலைத் திறப்பதில்லை.

ஃபாதர் எஃப்தீமியிடம் ஓடினேன். தீர்த்தம் தெளிக்க வந்தவர் காரை ஒரு சுற்று சுற்றினார்.

"திருப்பிக் கொடுத்துடலாமா ஃபாதர்?"

"கொடுக்கலாம். ஆனா இப்ப அவரு எதுவரைக்கும் போயிருக்காருன்னு தெரியலியே. பாதி வழியில வண்டி காணாமப் போனா என்ன செய்வாரு, பாவம்?"

"சரி, எம் பொண்ணு ஓட்டும்போது அவரும் ஓட்டினாருன்னா, ஸ்டியரிங் யார் கையில இருக்கும்?"

தீர்த்தப் பாத்திரத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். இலிங்காவோ, "செத்தவங்க நிதானமாத்தான்பா ஓட்டுவாங்க, அவங்களுக்கென்ன அவசரம்?" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இருப்பது ஒரே மகள். பயமாக இருக்கிறது மச்சான், அப்படியே சொல்கிறேன்.

ஆகவே தீர யோசித்து முடிவு செய்துவிட்டேன். நீலம்தான். மீட்டர் பொய் சொன்னாலும் அது உயிரோடிருக்கிற மனிதன் சொன்ன பொய். கிளட்ச் வழுக்கினால் நீ மாற்றிவிடுவாய், இந்தச் சமாசாரத்துக்கு உன் பட்டறையில் ஸ்பானர் கிடையாது. கடிதத்தை இன்றைக்கே இத்தாலி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளை ராத்திரி உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமையே விமானம் பிடித்தாவது வந்து நீலத்தை வீடு கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போ.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகளின் கன்னத்துக்கு ஆளுக்கு இரண்டு முத்தம். கன்னி மரியாள் உன்னையும் உன் ஜாக்கியையும் நழுவாமல் தாங்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் அத்தான்,
நிக்கிஃபோர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், மாமாவுக்கு இரண்டு வரி எழுத வந்த இலிங்கா கடிதத்தைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது சாவியை வேத்தா அன்றைக்கே இவளிடம் கொடுத்திருக்கிறாள். நான் எழுவதற்குள் விடியலில் கேட்டைத் திறந்து காரைத் தெருவரை தள்ளிக்கொண்டு போய், ரயில் தண்டவாளம் தாண்டி ஓட்டிப் பழகிவிட்டு, சத்தம் கேட்காமல் மறுபடி தள்ளிக்கொண்டே உள்ளே வருகிறாளாம். சீட் இவள் இழுத்தது. கிலோமீட்டர் இவளுடையது. சிகரெட்டும், உன் அக்காவிடம் சொல்லாதே, இவளுடையதுதான். திட்டித் தீர்த்தேன். உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி.

அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒண்ணு மட்டும் நான் செய்யலப்பா" என்றாள். "நேத்து தண்டவாளத்துக்கிட்ட வெயில் நேரா கண்ணுல அடிச்சுது. பாட்டு வேற சத்தமா வெச்சிருந்தேன். மெதுவா ஏறப்போனேன், ஹேண்ட்பிரேக் தானா மேல வந்து வண்டி நின்னுடுச்சு. இறக்கிப் பாத்தேன், இறங்கவே இல்ல. என் கை மேல யாரோ கை வெச்சுப் பிடிச்ச மாதிரி, சில்லுன்னு. மூக்குக்கு முன்னாடி சரக்கு ரயில் போச்சுப்பா. கடைசிப் பெட்டி தாண்டினதும் பிரேக் தானா இறங்கிடுச்சு."

நீ வரவேண்டாம். நீலத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். திங்கட்கிழமை இலிங்காவைச் சிவப்பிலேயே தனியாக அனுப்பப் போகிறேன் என்று இப்போதுதான் உன் அக்காவிடம் சொன்னேன்.

"தனியா எங்க போறா?" என்றாள்.