வலது கை திங்கள், இடது கை செவ்வாய்

ஒழுங்கான ஆள் தவறு செய்யமாட்டான் என்று நம்புகிறவர்கள் என்னைச் சந்தித்ததில்லை. நான் தவறையும் ஒழுங்காகச் செய்வேன். தேதி போட்டு டைரியில் எழுதியும் வைப்பேன்.

நாற்பத்தெட்டு வயதில் பியானோ கற்க முடிவெடுத்தேன். (பியானோ என்பது மரியாதைக்கு, இருந்தது கீபோர்டு.) சினிமாப் பாட்டு வேண்டாம், மேற்கத்திய சாஸ்திரிய இசைதான். எந்த வழியில் கற்பது என்று டைரியில் கட்டம் போட்டு ஆராய்ந்தேன். செல்போன் செயலியில், வெளிச்சம் விழும் கட்டையை அமுக்கினால் போதும். ஆனால் இசைக்குறிப்பு படிக்க வராது. வீடியோ வாத்தியார்கள் காதால் கேட்டு வாசிக்கச் சொன்னார்கள்; சாஸ்திரிய இசைக்கு அது போதாது. கடைசியில், குறிப்பு படித்துப் படிப்படியாகப் போகும் பழைய பாடப்புத்தகத்தைத் தேர்ந்தேன். தேர்வில் தவறே இல்லை. முதல் பாடம் சொன்னது: ஒவ்வொரு கையையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும்.

எனக்குத் தெரியாததா! பழவேற்காடு ஏரியில் இன்று ஒரு கூட்டம் வலை விட்ட இடத்தில் நாளைக்குத்தான் அடுத்த கூட்டம் இறங்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் இறங்கினால் மண்டை உடையும். எங்கள் ஊர்ப் பாடு நோட்டை எழுதுபவனே நான்தான். கைகளுக்கும் பாடு போட்டேன்: திங்கள் வலது, செவ்வாய் இடது, புதன் மறுபடி வலது. பதினோரு மாதம், ஒரு நாள் பிசகவில்லை. இரண்டையும் சேர்ப்பது அடுத்த பாடம். முதல் பாடம் திருத்தமாக முடியாமல் பக்கம் புரட்டுகிறவன் அல்ல நான்.

அதற்குள் அக்கா மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் வந்தது. சென்னை மாப்பிள்ளை வீட்டாரிடம், "நான் கோயிலுக்குள்ள நடந்து வரும்போது எங்க மாமாதான் பியானோ வாசிப்பாரு" என்று பெருமையடித்துவிட்டாள்.

"இன்னாங்க, ரெண்டு கையும் சேர்ந்து வருமா?" என்றாள் என் மனைவி.

"தனித்தனியா அவ்ளோ சுத்தமா வருது. சேர்த்தா ரெண்டு மடங்கு சுத்தம்" என்றேன்.

கல்யாணத்தன்று ஸ்டெல்லா கோயில் வாசலில் காலெடுத்து வைத்தாள். இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்தேன். அவை அதுவரை ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. வலது கை புறப்பட்டது. இடது கை, இவன் யார் என்று சற்று யோசித்துவிட்டு, வேறொரு வேகத்தில் ஓடியது. எதற்கேற்ப நடப்பது என்று தெரியாமல் ஸ்டெல்லா தன் அப்பாவின் காலை மிதித்தாள். சம்பந்தியம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார் (அழுகைக்காக அல்ல). பாதி வழியில் ஸ்டெல்லா நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது. பாதிரியார் முன்னாலேயே கத்தினாள்:

"மாமா! ஏதாவது ஒரு கைய எடு மாமா!"

இடது கையை எடுத்தேன். வலது கை தனியாக, பதினோரு மாத உழைப்போடு, அட்சர சுத்தமாக வாசித்தது. அவள் மூக்கை உறிஞ்சி, சிரித்து, மாப்பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தாள்.

போன வாரம் சென்னையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் உச்சக் குரலில் சண்டை. கதவைத் திறந்த சம்பந்தியம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை.

"வாங்க, உக்காருங்க. உள்ள ரெண்டு கையும் ஒண்ணா வாசிச்சிக்கினு இருக்கு."