திருப்பிக் கூப்பிட்டது எங்கள் கமலம்தான்

மீனாட்சிபுரம்,
7 ஜூன் 1977

மகா கனம் பொருந்திய சித்தூர்ப் பெரியவர் பொங்கியண்ணன் அவர்களுக்கு, மாட்டுத்தீவனக் கடை ரத்தினசாமி இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் எட்டு எருமைகளும் டெலிபோனும் நலம். தங்கள் நலமும், தங்கள் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்பதும் அறிய ஆவல். சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். தரகர் வந்து, "பொண்ணுக்கு வாய் சாஸ்திங்க, சம்பந்தம் வேண்டாம்னுட்டாருங்க" என்று சொல்லிப் போனதால் பெரியவரோடு நிறுத்திக்கொண்டேன்.

என் மகள் கமலாத்தாள் தங்களிடம் டெலிபோனில் பேசியது தப்பு. அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தவன் நான். கடைக்கு டெலிபோன் வந்த நாளிலிருந்து நிம்மதி போச்சு. வருகிறவன் போகிறவனெல்லாம் பேசுகிறானே என்று டயலுக்குப் பூட்டுப் போட்டேன். பக்கத்து டீக்கடைக்காரர் பூட்டைத் தொடாமல், ரிசீவர் உட்காருகிற பொத்தானையே டக்டக்கென்று தட்டி, தன் மச்சானைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். நம்பர் சரியாக விழுகிறதா என்று நானும் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம். போன மாசம் எவனோ ஒருத்தன், "எக்சேஞ்சிலிருந்து பேசறேன், லைன் சோதிக்கணும், எதையாச்சும் பேசிட்டே இருங்க" என்றானாம். எடைபோடுகிற குப்பண்ணன் பேச விஷயம் கிடைக்காமல், பருத்திக்கொட்டை லாரி புதன்கிழமை எந்த வழியாக வருகிறது, கடையில் எத்தனை மூட்டை மிச்சம் என்று மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை லாரி வரவில்லை. எதிர்க்கடைக்காரர் வழியிலேயே மறித்து மொத்தத்தையும் இறக்கிக்கொண்டார். குப்பண்ணனைக் கேட்டால், "லைன் நல்லா இருக்குதுன்னு சொன்னானுங்களே" என்கிறார்.

ஆகவே பி.யு.சி. படித்த கமலத்தை டெலிபோன் பக்கத்தில் உட்கார வைத்தேன். யாரென்று தெரியாமல் ஒரு விவரமும் சொல்லாதே, சந்தேகம் வந்தால் நம்பரை வாங்கிக்கொண்டு நீயே திருப்பிக் கூப்பிடு என்று சட்டமும் போட்டேன். அந்த நேரம் பார்த்துத்தானா தாங்கள் பொள்ளாச்சிப் புண்ணாக்கு வியாபாரி என்று பேச வேண்டும்? பெண் எப்படி என்று மறைவாக விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம்தான். நானும் தங்களைப் பற்றி மூன்று பேரிடம் விசாரித்தேன். ஆனால் புண்ணாக்கு வியாபாரி, "ஏன் அம்மிணி, உங்க மொதலாளி பொண்ணுக்குக் கோவம் வருமா?" என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "அது எதுக்குங்க? எள்ளுப் புண்ணாக்கா, கடலைப் புண்ணாக்கா, அதச் சொல்லுங்க" என்று கேட்டாளாம். தாங்கள் தடுமாறி, அவள் கேட்டதும் நம்பரைக் கொடுத்தீர்கள். அவள் திருப்பிக் கூப்பிட்டாள். "பொங்கியண்ணன் பேசறனுங்க" என்று தாங்களே எடுத்தீர்கள். மாப்பிள்ளையின் அப்பா என்று அவளுக்குத் தெரிந்துபோச்சு. அப்போதாவது ரிசீவரைக் கீழே வைத்திருக்கலாம். கடையில் வேலை செய்கிற பெண்தானே என்று அவள் கேட்டதற்கெல்லாம் கால்மணி நேரம் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் "நீ யாரு அம்மிணி?" என்றீர்கள். "நாந்தானுங்க அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

அவள் எனக்கு ஒரே மகள். தங்கள் குடும்பம் எனக்கு மனசுக்குப் பிடித்துப்போச்சுங்க. இது தவறினால் என் மனைவி என்னையும் டெலிபோனையும் ஒன்றாகத் தூக்கி வெளியே வைத்துவிடுவாள். பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும். பகவதியம்மன் தங்களுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த கோபமும் அருளட்டும்.

இப்படிக்கு,
ரத்தினசாமி

பின்குறிப்பு: இதைக் கமலத்திடம் படித்துக் காட்டினேன். அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தாங்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். டிராக்டர் தங்கள் அண்ணனுடையதாமே? கிணறு பங்குனியிலேயே வற்றிவிடுமாமே? தரகர் எங்களிடம் சொன்னது வேறு. ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இனிமேல் கோபம் என் பக்கம்.

ஆனால் நோட்டின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. தாங்கள் பேசும்போது பின்னாலிருந்து தங்கள் மகன் சென்னிமலை, "பொய் சொல்லிக் கேக்காதீங்கப்பா, நானே நேர்ல போயிக் கேட்டுக்கறேன்" என்றானாம். அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். ஆகவே சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு வந்து சேருங்கள். வருவதை டெலிபோனில் மட்டும் சொல்லிவிட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்காகக் கமலம் சேலை எடுக்கப் போகிறாள், அப்போது டெலிபோனைக் குப்பண்ணன்தான் எடுப்பார்.